மேகங்களின் இல்லம் மேகாலயா

உலகிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் ஊர் எது? புவியியல் வகுப்பில் இந்த வினா எழுந்தால், "சிரபுஞ்சி!" என்று வகுப்பே ஒரே குரலில் விடை சொல்லும். அதே சிரபுஞ்சியில், மழைக்காலம் முடிந்த சில வாரங்களிலேயே பெண்கள் குடிநீர் தேடி மேட்டிலும் பள்ளத்திலும் நடக்கிறார்கள் என்று சொன்னால் எத்தனை பேர் நம்புவோம்? வானம் அள்ளி அள்ளிக் கொடுக்கும் ஊரில் தாகம் ஏன்? இவ்வினாவுக்கு விடை தேடிச் சென்றால், மேகாலயா மாநிலத்தின் செல்வமும் சிறப்பும் துயரமும் ஒருங்கே நமக்குப் புலப்படும். வாருங்கள் தோழியரே, பாரதத் திருநாட்டின் வடகிழக்கு மூலைக்கு ஒரு சிறு பயணம் போய் வருவோம்.

மாநிலம் பிறந்த வரலாறு

'மேகாலயா' என்ற சொல்லுக்கு 'மேகங்களின் இருப்பிடம்' என்பது பொருள். வடக்கிலும் கிழக்கிலும் அஸ்ஸாம். தெற்கிலும் மேற்கிலும் பங்களாதேஷ். இவற்றின் நடுவே காரோ, காசி, ஜைந்தியா என்னும் மூன்று மலைப்பகுதிகள் மேற்கிலிருந்து கிழக்காக வரிசையாக அமைந்துள்ளன. பரப்பளவு 22,429 சதுரக் கிலோமீட்டர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை ஏறத்தாழ 30 இலட்சம். நிலப்பரப்பில் சுமார் நான்கில் மூன்று பங்கு மரம் அடர்ந்த பகுதியாகும்.

முன்பு இம்மலைகள் அஸ்ஸாமின் பகுதியாக இருந்தன. ஆங்கிலேயர் காலத்தில், 1874-இல், அஸ்ஸாம் தனி மாகாணமாக்கப்பட்டபோது ஷில்லாங் அதன் தலைநகராயிற்று. நாடு விடுதலை பெற்ற பின்னர், மலைவாழ் மக்கள் தங்கள் மொழியும் மரபும் சமவெளியின் பெருங்கூட்டத்தில் கரைந்துவிடலாகாது என்று தனி மாநிலம் கேட்டனர். அமைதியான வழியில் நடைபெற்ற அந்த இயக்கத்தின் பயனாக, 1970 ஏப்ரல் 2-இல் அஸ்ஸாமுக்குள் ஒரு தன்னாட்சி மாநிலமாகவும், 1972 ஜனவரி 21-இல் முழு மாநிலமாகவும் மேகாலயா மலர்ந்தது. அதே நாளில் மணிப்பூரும் திரிபுராவும் மாநிலத் தகுதி பெற்றன.

ஷில்லாங் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் பைன் மரங்கள் சூழ அமைந்த குளிர்ச்சியான நகரம். 1897 ஜூன் 12-ஆம் நாள் நிகழ்ந்த மாபெரும் நிலநடுக்கம் அந்நகரின் கல் கட்டடங்களைத் தரைமட்டமாக்கியது. அதன்பின் மரச்சட்டங்களும் இலேசான சுவர்களும் கொண்ட வீடுகளை மக்கள் கட்டலானார்கள். இயற்கை கற்றுக்கொடுத்த பாடத்தை மறவாத மக்கள் அவர்கள்.

மழை பெய்வது எதனால்?

வங்காள விரிகுடாவிலிருந்து நீரைச் சுமந்து புறப்படும் பருவக்காற்று, பங்களாதேஷின் சமவெளியைத் தடையேதுமின்றிக் கடந்து வருகிறது. திடீரென்று அதன் எதிரே காசி மலையின் தென்புறச் சரிவு ஒரு மதில்போல் நிற்கிறது. வேறு வழியின்றிக் காற்று மேலே ஏறுகிறது; ஏற ஏறக் குளிர்கிறது; குளிர்ந்தவுடன் சுமந்து வந்த நீரையெல்லாம் கொட்டிவிடுகிறது. அச்சரிவின் உச்சியில் அமைந்த ஊர்களே சிரபுஞ்சியும் மாசின்ராமும். இக்காலத்தில் சராசரி மழையளவில் மாசின்ராமே முதலிடம் பெறுகிறது. அங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 11,800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அத்தனை நீரும் ஓடாமல் தேங்கி நின்றால் மூன்று மாடிக் கட்டடம் மூழ்கிப்போகும்!

ஆனாலும் சிரபுஞ்சியின் புகழ் குன்றவில்லை. 1860 ஆகஸ்டு முதல் 1861 ஜூலை வரை அங்கு 26,400 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. பன்னிரண்டு மாதங்களில் பெய்த மழைக்கு அதுவே இன்றளவும் உலகச் சாதனை. 1995 ஜூன் 15, 16 ஆகிய இரண்டே நாட்களில் பெய்த 2,493 மில்லிமீட்டரும் உலகச் சாதனையே. ஊர் மக்கள் தங்கள் ஊரைச் 'சோரா' என்றே அழைக்கின்றனர்.

இனி, நம் வினாவுக்கு வருவோம். இம்மழையில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் பெய்துவிடுகிறது. நிலமோ செங்குத்தானது, அடியில் இருப்பதோ நீரை உறிஞ்சிப் பிளவுகள் வழியே ஓடவிடும் சுண்ணாம்புக்கல். நீரைப் பிடித்து நிறுத்த வேண்டியவை மரங்களின் வேர்களும் அவை காக்கும் மண்ணும் அல்லவா? சிரபுஞ்சி மேட்டில் விறகுக்காகவும் சுரங்கங்களுக்காகவும் மரங்கள் வெட்டப்பட்டன. மேல்மண்ணை மழையே கழுவிக்கொண்டு போயிற்று. பெய்த நீர் சில மணி நேரத்தில் பங்களாதேஷின் சமவெளிக்குப் போய்ச் சேர்கிறது. நவம்பர் பிறந்தால் ஊற்றுகள் வற்றத் தொடங்குகின்றன. நெற்றியில் பட்டையும் முதுகில் கூடையுமாகச் சுமை தூக்கும் காசிப் பெண்கள் அப்போது நீரையும் சுமக்க நேரிடுகிறது. கொடுப்பவன் இறைவன், காக்க வேண்டியவன் மனிதன். காவல் தவறினால் கொடையும் கைநழுவும்.

மாநிலச் சின்னங்கள்

மாநிலத்தின் விலங்கு மேகச் சிறுத்தை. உடலெங்கும் மேகத் திட்டுகள் போன்ற புள்ளிகள் கொண்டது. மரம் ஏறுவதில் வல்லது. மேகங்களின் நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான விலங்கு ஏது? மாநிலப் பறவை மலை மைனா. கருமையான உடலும் கன்னத்தில் மஞ்சள் நிறமும் கொண்ட இப்பறவை, மனிதக் குரலை அப்படியே திருப்பிச் சொல்லும் ஆற்றல் பெற்றது. அந்தத் திறமையே அதற்குப் பகையாகி, கூண்டில் அடைக்கப் பலரும் அதனைத் தேடினர். மாநில மலர் ஓர் ஆர்க்கிட் வகை. பெண்கள் அணியும் காலணி போன்ற வடிவம் கொண்டது. மாநில மரம் குமிழ மரம். அதன் இலேசான, உறுதியான பலகை வீட்டுப் பொருள்கள் செய்ய உதவும்.

சின்னமாக அறிவிக்கப்படாவிட்டாலும், மேகாலயாவின் பெருமையாக விளங்கும் செடியொன்றும் உண்டு. அதுவே பூச்சிகளைப் பிடித்து உண்ணும் குடுவைச் செடி. இலை நுனியில் மூடியுடன் கூடிய சிறு குடுவை தொங்கும். வழுக்கி விழும் பூச்சி அதற்கு உணவாகும். இந்தியாவில் இயற்கையாக வளரும் குடுவைச் செடி இனம் இது ஒன்றே. காரோ மலையில் உள்ள நோக்ரெக் காட்டில் காட்டு ஆரஞ்சு இனம் ஒன்று பாதுகாக்கப்படுகிறது. 2009-இல் நோக்ரெக் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பக வரிசையில் சேர்க்கப்பட்டது.

கடைக்குட்டி மகளின் பொறுப்பு

நம் மாணவியர் பெரிதும் விரும்பிப் படிக்கும் பகுதி இதுவாகத்தான் இருக்கும்! காசி, ஜைந்தியா, காரோ ஆகிய மூன்று இனத்தாரும் தாய்வழிச் சமுதாயத்தினர். பிள்ளைகள் தாயின் குலப்பெயரையே பெறுகின்றனர். காசி மக்களிடையே குடும்பச் சொத்து கடைசி மகளுக்குச் சேர்கிறது. திருமணத்துக்குப் பின் அவள் பிறந்த வீட்டிலேயே இருக்க, கணவன் அங்கு வந்து சேர்கிறான். பெண் குழந்தை பிறந்தால் முகம் சுளிக்கும் வழக்கம் அங்கில்லை. வரதட்சணைக் கொடுமையும் இல்லை.

கடைசி மகள் பெறுவது சொத்து மட்டுமன்று, பெரும் சுமையும்தான். முதிய பெற்றோரைக் காப்பது அவள் கடன். திருமணமாகாத அண்ணன் அக்காள், கைம்பெண்ணாகித் திரும்பி வரும் சகோதரி, பெற்றோரை இழந்த குழந்தை என யார் வந்தாலும் அவள் வீட்டுக் கதவு திறந்திருக்க வேண்டும். முன்னோர் விட்டுச்சென்ற நிலத்தை அவள் தன் விருப்பம்போல் விற்றுவிட முடியாது. தாய்மாமன் முதலான பெரியோரின் இசைவு வேண்டும். ஆகவே அவள் உரிமையாளர் என்பதைக் காட்டிலும் காவலாளி என்பதே பொருந்தும்.

இதைக் கொண்டு அங்கே பெண்ணின் ஆட்சி நடப்பதாக எண்ணிவிடலாகாது. ஊர்ச்சபையில் மரபுப்படி ஆண்களே அமர்ந்தனர். அறுபது இடங்கள் கொண்ட சட்டமன்றத்துக்கு 2023 தேர்தலில் வென்ற பெண்கள் மூவர் மட்டுமே. சாவி பெண்ணிடம், தீர்ப்பு ஆணிடம் என்ற நிலை இன்னும் முழுதும் மாறவில்லை. எனினும் கல்வியில் பெண்கள் பின்தங்கவில்லை. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு பெற்ற ஆண்கள் 76 விழுக்காடு, பெண்கள் 73 விழுக்காடு. அகில இந்திய அளவில் இந்த இடைவெளி 16 விழுக்காட்டுக்கும் மேல் இருந்தது என்பதை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மண் தரும் வாழ்வு

மேகாலயா மக்களில் பெரும்பாலோர் உழவர்கள். நெல், சோளம், உருளைக்கிழங்கு, இஞ்சி, அன்னாசி, பாக்கு, வெற்றிலை, மிளகு, ஆரஞ்சு ஆகியவை முக்கிய விளைபொருள்கள். ஜைந்தியா மலையில் லகாடாங் என்னும் இடத்தின் பெயரால் வழங்கும் மஞ்சள் தனிச்சிறப்புடையது. மஞ்சளுக்கு நிறமும் மருத்துவ குணமும் தரும் குர்குமின் என்ற பொருள் சாதாரண மஞ்சளில் மூன்று விழுக்காடு அளவில் இருக்க, லகாடாங் மஞ்சளில் ஏழு விழுக்காட்டை எட்டுகிறது. துடைப்பம் செய்யும் புல்லும் மலைச்சரிவுகளில் பயிராகி நாடெங்கும் செல்கிறது. காட்டை வெட்டி எரித்துப் பயிரிட்டு, சில ஆண்டுகளில் வேறிடம் மாறும் 'ஜூம்' வேளாண்மையும் அங்கங்கே தொடர்கிறது. நிலத்துக்குப் போதிய ஓய்வு கொடுத்தவரை இம்முறையால் கேடில்லை. மக்கள் பெருகி ஓய்வுக்காலம் குறைந்ததால் மண் வளம் இழக்கலாயிற்று.

ஷில்லாங்கில் 'இயூதூ' என்னும் பெரிய சந்தையைப் பார்த்தால், மாநிலத்தின் பொருளாதாரம் யார் கையில் இயங்குகிறது என்பது விளங்கும். காய்கறி, வெற்றிலை, மீன், துணி என எதை வாங்கினாலும் பெரும்பாலும் விற்பவர் பெண்ணே. ஷில்லாங் அருகே உமியம் ஆற்றில் அணை கட்டி 1960-களில் தொடங்கிய நீர்மின் திட்டம் மின்சாரத்தோடு ஓர் அழகிய ஏரியையும் தந்தது. சுண்ணாம்புக்கல் மிகுதியாதலால் ஜைந்தியா மலையில் சிமெண்டு ஆலைகள் பல எழுந்துள்ளன. இரயில் பாதை மட்டும் மலையேற நெடுங்காலம் தயங்கியது. 2014-இல்தான் காரோ மலையின் மெந்திபத்தாரில் மாநிலத்தின் முதல் இரயில் நிலையம் திறக்கப்பட்டது.

எலிவளைச் சுரங்கங்கள்

மேகாலயாவின் மண்ணுக்கடியில் நிலக்கரி உண்டு. மற்ற மாநிலங்களைப் போலன்றி இங்கு நிலமும் அதன் அடியில் உள்ள பொருளும் தனியாருக்கும் குலத்தாருக்கும் உரியவை. எனவே ஜைந்தியா மலையில் அவரவர் நிலத்தில் அவரவர் குழி தோண்டினர். கரிப்படிவம் மெல்லியதாக இருப்பதால், ஆள் ஊர்ந்து செல்லும் அளவே உள்ள வளைகளைக் குடைந்து கரியை எடுத்தனர். 'எலிவளைச் சுரங்கம்' என்ற பெயர் அதனால் வந்தது. சிலர் செல்வந்தராயினர். குழிக்குள் ஊர்ந்தவர்களோ பெரும்பாலும் பிழைப்புத் தேடி வந்த ஏழைகள்.

இதன் விளைவு என்ன? இந்நிலக்கரியில் கந்தகம் அதிகம். தோண்டிக் குவித்த கரியும் திறந்து கிடக்கும் குழிகளும் காற்றோடும் மழையோடும் கலந்து கந்தக அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்நீர் ஆற்றில் சேர்ந்தால் மீன்கள் மடிகின்றன. ஜைந்தியா மலையின் லூக்கா ஆறு குளிர்காலத்தில் விந்தையான நீல நிறம் கொள்ளத் தொடங்கியது. காண்போர் அழகென்று வியக்கலாம். கரையில் வாழ்வோருக்கோ அது மீனற்ற நீர். 2014-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இச்சுரங்கங்களுக்குத் தடை விதித்தது. தடையையும் மீறிச் சுரங்கங்கள் இயங்கின. 2018 டிசம்பர் 13 அன்று கிழக்கு ஜைந்தியா மலையின் சான் என்னுமிடத்தில் ஒரு சுரங்கத்துக்குள் நீர் புகுந்து 15 பேர் சிக்கினர். ஒருவரும் உயிருடன் மீளவில்லை. 2019-இல் உச்ச நீதிமன்றம், சட்டப்படி உரிய அனுமதி பெற்றே நிலக்கரி எடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. நிலம் நம்முடையது என்பதால் அதன் அடியில் ஓடும் நீரும் நம்முடையதாகிவிடுமா? ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழ்பவருக்கு அதில் பங்கில்லையா?

காணத் தகுந்த இடங்கள்

இதே மக்களின் முன்னோர் செய்து வைத்த அருஞ்செயல் ஒன்றை இனிக் காண்போம். மழைக்காலத்தில் காட்டாறுகள் மரப்பாலங்களை அடித்துச் செல்லும். ஈரத்தில் மூங்கில் மக்கிப்போகும். ஆகவே காசி, ஜைந்தியா மக்கள் ஆற்றங்கரையில் இரப்பர் அத்தி மரத்தை நட்டனர். அதன் விழுதுகளை, நடுவே குடைந்த பாக்குமரத் தண்டுகளின் வழியே எதிர்க்கரைக்குச் செலுத்தினர். வேர்கள் அங்கு மண்ணில் ஊன்றி, ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து, உயிருள்ள பாலமாயின. ஒரு பாலம் ஆள் நடக்கும் உறுதி பெறப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நட்டவர் முதுமையில்தான் அதில் நடப்பார். நன்கு நடப்பவர்கள் அவர்தம் பேரப்பிள்ளைகள். மற்றப் பாலங்கள் வயதாக ஆகத் தளரும். இவையோ ஆண்டு ஏற ஏற வலுப்பெறும்! நோங்ரியாட் என்னும் சிற்றூரில் ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்த இரட்டை அடுக்குப் பாலம் உண்டு. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளைக் கடந்துதான் அங்கு போய்வர முடியும். 2022-இல் இவ்வேர்ப்பாலங்கள் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன.

சிரபுஞ்சிக்கு அருகே நோகாலிகாய் அருவி சுமார் 340 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே பாய்ச்சலாக விழுகிறது. எல்லையோர டாக்கியில் உம்ங்காட் ஆற்றின் நீர் மழையற்ற மாதங்களில் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். படகு அந்தரத்தில் மிதப்பதுபோல் தோன்றும். மாவ்லின்னாங் என்னும் சிற்றூரில் வீடுதோறும் மூங்கில் குப்பைக்கூடை. பெருக்குவது ஒருவர் வேலை என்றில்லாமல் அனைவர் வேலையாகக் கொண்டதால், 2003-இல் ஒரு பயண இதழ் அதனை ஆசியாவின் மிகத் தூய்மையான சிற்றூர் என்று பாராட்டியது. மாவ்ப்லாங்கில் ஒரு புனிதக் காடு இருக்கிறது. அங்கிருந்து ஓர் இலையைக்கூட எடுத்துச் செல்லலாகாது என்பது தலைமுறைகளாகக் காக்கப்படும் விதி. அதனால்தான் சுற்றிலும் மொட்டை மேடாக இருக்க, அக்காடு மட்டும் ஊற்றுகளோடு பசுமையாக நிற்கிறது.

சிரபுஞ்சிக்கு அண்மையில் மாவ்ம்லூ குகை உள்ளது. அதன் கூரையிலிருந்து சொட்டும் நீர் ஆண்டாண்டாகப் படியவிட்ட சுண்ணாம்புத் தூணை அறிவியலார் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை நலிந்து பெரும் வறட்சி வந்ததன் தடயம் அதில் தெரிந்தது. அன்று முதல் இன்று வரையுள்ள காலத்துக்கு 2018-இல் புவியியல் அறிஞர்கள் 'மேகாலயக் காலம்' என்று பெயரிட்டனர். மழைக்குப் பெயர்பெற்ற நாட்டின் குகை, வறட்சியின் நினைவைத் தன் கல்லில் எழுதி வைத்திருக்கிறது!

திருச்சபையின் பணி

மேகாலயா மக்களில் நூற்றுக்கு 74 பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். 1841-இல் வேல்ஸ் நாட்டுப் போதகர் தாமஸ் ஜோன்ஸ் சிரபுஞ்சிக்கு வந்து, எழுத்தில்லாதிருந்த காசி மொழியை உரோமன் எழுத்தில் எழுதும் முறையை நிலைபெறச் செய்தார். கத்தோலிக்க மறைப்பணி 1890-இல் ஜெர்மானியச் சல்வத்தோரியன் குருக்களால் தொடங்கியது. தலைமை ஏற்று வந்த அருட்தந்தை ஓத்தோ ஹோப்பன்முல்லர் அதே ஆண்டில் இறைவனடி சேர்ந்தார். விதை மண்ணில் விழுந்து மடிந்தது. விளைச்சல் பின்னர் வந்தது. முதல் உலகப்போரின்போது ஜெர்மானியர் வெளியேற நேர்ந்தது. 1922-இல் சலேசிய சபையினர் வந்து பணியைத் தொடர்ந்தனர். ஷில்லாங்கின் பழைய ஆலயம் 1936-இல் தீக்கிரையானது. அதன்பின் எழுந்ததே சகாய அன்னையின் பேராலயம். ஷில்லாங் ஆயர் ஸ்தேபான் பெர்ராந்தோ 1942-இல் கிறிஸ்தவர்களின் சகாயமான மரியாவின் மறைப்பணிச் சகோதரிகள் சபையைத் தோற்றுவித்தார். அச்சகோதரிகள் மலைவழி நடந்து சிற்றூர்தோறும் கல்வியும் மருத்துவமும் கொண்டு சென்றனர்.

நாம் பெறும் பாடம்

மேகாலயாவில் இருவகைச் செல்வங்களைக் கண்டோம். ஒன்று, பேரப்பிள்ளை நடப்பதற்காகத் தாத்தா நட்ட பாலம். மற்றொன்று, பேரப்பிள்ளைக்கு ஒன்றும் மிச்சம் வைக்காமல் தோண்டியெடுத்த கரி. இரண்டும் ஒரே மலையில், ஒரே மக்கள் செய்தவை. எந்த ஊரிலும் எந்த இல்லத்திலும் இவ்விரு வழிகளும் திறந்தே இருக்கின்றன.

ஏதேன் தோட்டத்தில் மனிதனை வைத்த இறைவன், அதைப் பண்படுத்தவும் பாதுகாக்கவுமே வைத்தார் என்று தொடக்கநூல் கூறுகிறது. காசிக் குடும்பத்தின் கடைசி மகள் செய்வதும் அதுவே. பெற்றதைத் தனக்கென்று விற்றுவிடாமல் காக்கிறாள். தேவையுள்ளோர் வந்தால் கதவைத் திறக்கிறாள். தனக்குப் பின் வருபவளிடம் சாவியை ஒப்படைக்கிறாள்.

அன்புத் தோழியரே! நாம் படிக்கும் வகுப்பறை, நிழல் தரும் மரம், குழாயைத் திருகினால் வரும் நீர், நமக்குக் கிடைத்த கல்வி ஆகிய யாவும் நமக்கு முன்னிருந்தோர் நமக்காக விட்டுச்சென்றவை. அவற்றைக் குறைவின்றிக் காத்து, இயன்றால் ஒரு மரமேனும் கூட்டி, அடுத்து வரும் தங்கையரிடம் ஒப்படைப்போம். அவர்கள் நடக்க ஒரு வேர்ப்பாலம் நம் காலத்திலும் வளரட்டும்!